மோட்டார் வானின் வேகக் கம்பி

காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்துள்ள வல்லம் வடகால் என்னும் ஊர், இப்பொழுது தொழிற்பேட்டையாற் பெயர்பெற்று விளங்குகின்றது. ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தார் 2017-ஆம் ஆண்டில் இங்கே மோட்டார் சைக்கிள் உற்பத்தியைத் தொடங்கினர். அந்நிறுவனத்தாரின் 350 வகை வண்டியில் கைப்பிடியை முறுக்குங்கால், அம்முறுக்கை எஞ்சினுக்குக் கொண்டு செல்வது ஒரு மெல்லிய எஃகுக் கம்பியேயாம். அதே சாலையில் ஷிப்டு முடிந்த தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பழைய மாருதி வானிலும், ஓட்டுநரின் காலுக்கும் எஞ்சினுக்கும் இடையே தூது செல்வது அத்தகைய கம்பியே. பட்டறைகளில் இதனை ‘ஆக்ஸிலேட்டர் கேபிள்’ என்றும், ‘ஆக்ஸிலேட்டர் ஒயர்’ என்றும் வழங்குவர்.

இக்கம்பி அறுந்தால் வண்டி ஓடாது. உறைக்குள் சிக்கிக்கொண்டால் வண்டி நில்லாது. முன்னது தொல்லை, பின்னதோ எட்டுப் பேர் ஏறிய வண்டியில் உயிருக்கே அபாயம். ஆதலின், அறுந்த கேபிளுக்குப் பதிலாகப் புதியதைக் கோத்துவிடுவதனோடு வேலை முடிந்துவிடாது. காலை எடுத்தவுடன் அது தடையின்றித் திரும்புகின்றதா என்று காண்பதே வேலையின் பெரும்பகுதி என்பது எமது கருத்து.

முதலில் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்பார் 1896-இல் பிரித்தானியாவில் உரிமைப் பட்டயம் பெற்ற அமைப்பு இது. பல எஃகு இழைகளை முறுக்கிய உட்கம்பி ஒன்று. அதனைச் சுற்றிச் சுருளாக அமைந்து, மேலே பிளாஸ்டிக் போர்த்திய உறை ஒன்று. உட்கம்பியை இழுக்கும்போது உறை அழுந்தி எதிர்நிற்கின்றது. உறையின் இரு முனைகளும் அசையாது பொருந்தியிருந்தாலன்றி இழுப்பு மறுமுனைக்குச் செல்லாது. கம்பி நன்றாயிருந்தும் ‘பெடல் வேலை செய்யவில்லை’ என்று சிலர் கூறுவது, உறையின் முனை தன் பிடியினின்று கழன்றதனாலும் இருக்கலாம். புதிய கேபிள் வாங்குமுன் இதனைப் பார்த்துவிட்டால் காசு மிச்சம்.

இனி, கம்பி ஏன் அறுகின்றது? படகைத் துறையில் நிறுத்துவோர், கயிற்றை முளையில் இரண்டு மூன்று முறை சுற்றி, நுனியை ஒரு கையாற் பிடித்தே பெரிய படகையும் நிறுத்திவிடுவதைக் கண்டிருப்பீர்கள். அங்கே உதவுகின்ற உராய்வு ஈண்டுப் பகையாகின்றது. உராய்வெண்ணையும், கேபிள் வளையும் மொத்தக் கோணத்தின் ரேடியன் அளவையும் பெருக்கி, அப்பெருக்கத்தை 2.718 என்னும் எண்ணின் அடுக்காகக் கொண்டால், ஒரு முனையில் வேண்டிய இழுப்புக்கு மறுமுனையில் எத்தனை மடங்கு இழுக்க வேண்டும் என்பது ஏறக்குறைய விளங்கும். மொத்த வளைவு 180 பாகை என்க. உராய்வெண் 0.1 ஆயின், எஞ்சின் முனையில் 1 கிலோ இழுப்புக்குப் பெடல் முனையில் 1.37 கிலோ போதும். உறை வறண்டு துருப்பிடித்து அவ்வெண் 0.3 ஆகிவிட்டால் 2.57 கிலோ வேண்டும். வளைவையும் 270 பாகையாக்கிவிட்டாலோ 4.11 கிலோ! பெடல் நாளுக்கு நாள் கனக்கின்றது என்று ஓட்டுநர் சொல்வது வீண்பேச்சன்று. கம்பி தன் முடிவை முன்னரே அறிவிக்கின்றது. குறுகிய வளைவிலும், முனைக்குமிழின் கழுத்திலும், மடங்கி மடங்கி ஓர் இழை முதலில் ஒடியும். ஒடிந்த இழை முள்போல நிமிர்ந்து உறைக்குள் சிக்குமாயின், கம்பி முன்னே செல்லும், பின்னே வாராது. அறுந்து நிற்பதைக் காட்டிலும் கொடிய நிலை இதுவே.

வழியில் கேபிள் அறுந்தால் எஞ்சின் ஐடிலிங்கில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். முதற்கியரில் மெல்ல ஊர்ந்து சாலையோரம் ஒதுங்கலாம். கார்புரேட்டரில் கயிற்றைக் கட்டி, கையால் இழுத்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்த வீரக்கதைகள் பல உண்டு. கனரக லாரிகள் நெருங்கியோடும் ஒரகடம் சாலையில் அவ்வீரம் வேண்டா.

மாருதி வான் 1984-இல் வெளிவந்தது. பின்னர் ஆம்னி என்னும் பெயர் பெற்று 2019 வரை உற்பத்தியாயிற்று. அதன் 796 கன செண்டிமீட்டர் எஞ்சின் முன்னிருக்கைகளின் அடியில் உள்ளது. பெடலோ அதற்கும் முன்னே இருத்தலால், கேபிள் பின்னோக்கி வந்து எஞ்சினைச் சேர வேண்டும். கார்புரேட்டர் பூண்ட பழைய வானில் மாற்றும் முறையைக் கூறுவோம்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹாண்ட் பிரேக் இட்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, எஞ்சின் ஆறும்வரை பொறுத்திருக்க. இருக்கையைத் தூக்கி மூடியைத் திறந்தபின், பழைய கேபிள் எவ்வழியே செல்கின்றது என்பதைக் கைப்பேசியாற் படமெடுத்துக்கொள்க. எஞ்சின் முனையில் பூட்டு நட்டுகளைத் தளர்த்தி, கம்பியின் நுனியைக் கார்புரேட்டரின் நெம்பிலிருந்து விடுவித்து, பெடல் முனையையும் கழற்றுக. உறையின் ஒரு முனையில் நூல்கயிறு கட்டி இழுத்தால், பழையது வெளிவர, கயிறு அவ்வழியில் நின்று புதியதற்கு வழிகாட்டும். புதியதையும் பழையதையும் தரையில் ஒன்றன்பக்கம் ஒன்றாக நீட்டி, உறையின் நீளம், உட்கம்பியின் நீளம், முனைகளின் வடிவம் மூன்றையும் ஒப்பிடுதல் இன்றியமையாதது. ‘எல்லாம் ஒன்றுதான், சார்’ என்று கடைக்காரர் சொல்வதை அளவுகோலாகக் கொள்ளற்க. புதிய கேபிள் புகைக்குழாயைத் தொடாமலும், கூரிய தகட்டில் உராயாமலும், இயன்றவரை பெரிய வளைவுகளோடும் செல்ல வேண்டும். தகட்டைத் துளைத்துச் செல்லுமிடத்து ரப்பர் வளையம் விழுந்திருந்தால் அதனையும் புதிதாக இடுக.

அடுத்து அளவு திருத்தம். காலை எடுத்த நிலையில் கம்பியிற் சிறிது தளர்வு இருத்தல் வேண்டும். இல்லையேல் கார்புரேட்டரின் வட்டத் தகடு முழுதும் மூடாது, எஞ்சின் ஓயாது இரையும். மற்றொருவரைப் பெடலை முற்றும் மிதிக்கச் செய்து, தகடு முழுதும் திறக்கின்றதா என நோக்குக. அப்போது காலின் பாரத்தைப் பெடலின் அடித்தடை தாங்க வேண்டுமேயன்றிக் கம்பி தாங்கலாகாது. பாரம் கம்பியின்மேல் விழும்படி திருத்தப்பட்ட கேபிள் விரைவில் மீண்டும் அறும்.

எஞ்சினை ஓட்டாமலே இருபது முறை மிதித்து விடுக. ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங்கின் இழுப்பால் தகடு ‘டக்’கென்று மூட வேண்டும். ஒரு முறை தயங்கினும் வண்டியை வெளியே எடுக்கலாகாது. இருக்கையை இறக்கிப் பூட்டிய பின்னும் இச்சோதனையைத் திரும்பச் செய்க. இருக்கையின் அடியில் கேபிள் நசுங்குவதுண்டு. காலடியில் விரித்த பாயும் பெடலைப் பிடிக்கலாம். இக்காரணம் பற்றியே டொயோட்டா நிறுவனத்தார் 2009-இல் அமெரிக்காவில் பல இலட்சம் கார்களைத் திருத்தத்திற்கு அழைக்க நேர்ந்தது. ராயல் என்ஃபீல்டாரின் 2023-ஆம் ஆண்டு ஹிமாலயன் 450-இல் மின்குறிப்பு கம்பியின் வேலையை ஏற்றுக்கொண்டது. நான்கு சக்கர வண்டிகளிலும் அவ்வாறே. எனினும் பாயின் குறும்பு மின்சாரத்திற்கு அடங்குவதன்று.

ஓடும்போதே வேகம் குறையாமற் போனால், கிளட்சை மிதித்துக் கியரை நியூட்ரலுக்குத் தள்ளுக. எஞ்சின் அலறுவது கண்டு அஞ்சற்க. பிரேக்கை விட்டுவிட்டு மிதியாமல் ஒரே அழுத்தாக மிதிக்க. ஏனெனில், தகடு திறந்தேயிருக்கும் எஞ்சினில் வெற்றிடம் குன்றும். அவ்வெற்றிடத்தின் உதவி பெறும் பிரேக்கு, மீண்டும் மீண்டும் மிதிக்க வலிமை இழக்கும். வண்டி நிற்குமுன் சாவியை முழுதும் திருப்பி ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்படி செய்யலாகாது.

புதிய உறை தன் இடத்தில் அமர்ந்து சற்றே அழுந்துமாதலால், ஒரு வாரம் ஓடியபின் தளர்வை மறுபடியும் பார்த்துத் திருத்துக. கழற்றிய கேபிளை எறிந்துவிடாமல் உறையை நீளவாக்கிற் கீறிப் பார்த்தால், துரு எங்கே, ஒடிந்த இழைகள் எங்கே என்பது தெரியும். அவ்விடம் வண்டியில் எந்த வளைவுக்கு நேரானது என்று கண்டு, புதிய கேபிளை அங்கே சிறிது விலக்கிக் கட்டுக.