வாக்குரிமை வரும்வரை

ஸ்காபரோவில் புதிதாக வந்திறங்கியவரிடம் மாநகர சபை பற்றிக் கதை எடுத்தால், “எங்களுக்குத்தான் வோட்டு இல்லையே” என்ற ஒரு வரியோடு கதை முடிந்துவிடும். சொல்வது உண்மைதான். ரொறன்ரோ மாநகர சபைத் தேர்தலில் கனடியக் குடியுரிமை உள்ளவர் மட்டுமே வாக்களிக்கலாம். நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களுக்கும் இடம் கொடுங்கள் என்று 2013இல் மாநகர சபையே ஒன்ராறியோ அரசைக் கேட்டது. மாகாணம் இசையவில்லை. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஐந்து ஆண்டுக்குள் 1,095 நாட்கள் நாட்டில் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு விண்ணப்பம் நகரும் காலம் வேறு.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு வேலை பார்க்கிற மனிதருக்கு எல்லாவற்றுக்கும் நேரம் கிடையாது. எதை எடுப்பது, எதைத் தள்ளிவைப்பது என்று பார்ப்போம்.

முதல் மாதங்களில் நூலகத்தை விடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை. நகரெங்கும் 100 கிளைகள்; இங்கே வசிக்கிறீர்கள் என்று காட்டினால் அட்டை இலவசம். பல கிளைகளில் குடியேற்ற ஆலோசகர்கள் உட்கார்ந்திருப்பார்கள். தமிழ்ப் புத்தகத் தட்டும் இருக்கும். ஆங்கில வகுப்பில் மட்டும் ஒரு கணக்குப் பாருங்கள். மத்திய அரசின் லிங்க் வகுப்பு நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும் அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும்தான்; குடியுரிமை கிடைத்ததும் அந்தக் கதவு அடைபடும். கல்விச் சபைகள் பெரியவர்களுக்கு நடத்தும் வகுப்புக்குக் குடியுரிமைக்குப் பிறகும் போகலாம். ஆகவே லிங்க்கை முதலில் முடியுங்கள். குடிவரவு வழக்கு இன்னும் முடியாதவர்களுக்கு ஒரு செய்தி: 2013 முதல் ரொறன்ரோ தன் சேவைகளைக் குடிவரவு நிலை பார்க்காமல் கொடுப்பதைக் கொள்கையாக வைத்திருக்கிறது. மாநகரத்தின் உதவி இலக்கமான 311ஐ அழைத்துத் தமிழில் கதைக்க வேண்டும் என்றால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் எடுத்துத் தருவார்கள்.

அடுத்தது ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம். குளிர்காலத்தில் தனித்துப் போகாமல் இருக்க இவை வேண்டும், மறுக்கவில்லை. வேலை எங்கே கிடைக்கும், எந்த வைத்தியர் புது ஆளை எடுக்கிறார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். ஆனால் ஒன்றுகூடலில் சேரும் காசு ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கூரைக்குப் போகிறது. உங்கள் தெருவில் பஸ் ஏன் இருபது நிமிடம் பிந்துகிறது என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். சங்கத் தலைவராகப் பத்து வருடம் இருந்துவிட்டுத் தன் வட்டாரத்துச் சபை உறுப்பினரின் பெயர் தெரியாதவர்களும் உண்டு.

தொண்டு வேலை பற்றிச் சுருக்கமாக. ‘கனடிய அனுபவம்’ கிடைக்கும் என்று ஆசைகாட்டி மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் வேலை வாங்கும் இடங்களை விட்டு விலகுங்கள். உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்குப் பிள்ளைகள் 40 மணி நேரம் தொண்டு செய்தாக வேண்டும். அவர்களோடு சேர்ந்து நீங்களும் ஓர் உணவு வங்கிக்குப் போனால் இரண்டு பேருக்கும் பயன்.

பள்ளியில் பிள்ளை படிக்கிறதென்றால், என் முதல் தெரிவு பள்ளிக்கூடச் சபைதான். ஒன்ராறியோவின் அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு சபை இருக்க வேண்டும் என்பது சட்டம். அதில் பெற்றோரே பெரும்பான்மையாக இருக்க வேண்டும். குடியுரிமை கேட்பதில்லை. பள்ளி தொடங்கிய முதல் 30 நாட்களுக்குள் தேர்வு நடக்கும், வருடத்தில் குறைந்தது நான்கு கூட்டம், எல்லாம் யாரும் வந்து இருக்கக்கூடிய கூட்டங்கள். அதிபர் நீங்கள் சொன்னதைச் செய்தே ஆகவேண்டும் என்றில்லை. ஆனால் அந்த ஆலோசனையை என்ன செய்தேன் என்று திருப்பிச் சொல்லியாக வேண்டும். இந்த ஒரு கடமை இருப்பதால்தான் இதை முன்னுக்கு வைக்கிறேன்: வேறெங்கும் உங்கள் கேள்விக்கு இவ்வளவு கிட்டத்திலிருந்து பதில் வராது. தீர்மானம் முன்மொழிவது, வழிமொழிவது, குறிப்பெடுப்பது எல்லாம் பத்துப் பேர் இருக்கிற அறையில் பழகிவிடும். உடைந்த ஆங்கிலம் அங்கே யாருக்கும் பெரிதில்லை.

கல்விச் சபை வழியாக மாநகர சபைக்குப் போனவர்களும் உண்டு. ஒலிவியா சௌ ஹொங்கொங்கிலிருந்து 13 வயதில் வந்தவர். 1985இல் கல்விச் சபை உறுப்பினரானார், 1991இல் மாநகர சபைக்குள் போனார், 2023இல் மேயரானார். 2017இல் ரொறன்ரோ மாநகர சபைக்குத் தெரிவான முதல் தமிழர் நீதன் சானும் அதற்கு முன்பு கல்விச் சபை உறுப்பினராக இருந்தவர்தான். கல்விச் சபைத் தேர்தலில் நிற்கக் குடியுரிமை வேண்டும், அது வேறு படி. பள்ளிக்கூடச் சபை அதற்கும் கீழே, யாரும் ஏறக்கூடிய படி.

பிள்ளை இல்லாதவர்களுக்கும் அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் பக்கத்துப் பூங்காவைச் சொல்வேன். ரொறன்ரோவின் தோர்ன்கிளிஃப் பார்க்கில், பெரும்பாலும் தெற்காசியாவிலிருந்து வந்த பெண்கள், 2008 முதல் ஒரு குழுவாகக் கூடி, கவனிப்பாரில்லாமல் கிடந்த ஆர்.வி. பேர்ஜஸ் பூங்காவைக் கையிலெடுத்தார்கள். வெள்ளிக்கிழமைச் சந்தை நடத்த மாநகர சபையிடம் அனுமதி கேட்டார்கள். 2013இல் பூங்காவுக்குள்ளேயே ஒரு தந்தூரி அடுப்பைக் கொண்டுவந்துவிட்டார்கள். அடுப்பை அனுமதிக்க எந்தப் படிவம் நிரப்புவது என்று அதிகாரிகளே தலையைச் சொறிந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பெண்கள் கேட்டது வாக்குரிமை அல்ல, அன்றாடம் வேண்டிய ஒன்று, ரொட்டி சுட இடம். அதனால்தான் விடாமல் நின்றார்கள்.

அதே பகுதியில் 2023இல் வாடகைக்காரர்கள் வாடகை உயர்வை எதிர்த்துப் பணம் கட்டாமல் நிறுத்தினார்கள். வாடகைக்காரர் சங்கத்தில் சேருவதைச் சட்டம் காக்கிறது, சேருங்கள். வாடகையை நிறுத்துவது வேறு. வெளியேற்ற வழக்கு வரக்கூடும். வந்து ஒரு வருடமாகாத குடும்பம் முதலில் வைக்க வேண்டிய அடி அதுவல்ல.

மிச்சமிருப்பது மாநகர சபைக் குழுவின் முன்னால் போய்க் கதைப்பது. பலர் இதைப் பெரிய மனிதர்களின் வேலை என்று எண்ணுகிறார்கள். முழுச் சபைக் கூட்டத்தில் பொதுமக்கள் கதைக்க முடியாது, குழுக்களிலும் நான்கு பிரதேச சபைகளிலும் முடியும். தெருவேகம், வாகனத் தரிப்பு, மரம் வெட்டுவது போன்றவை ஸ்காபரோ பிரதேச சபைக்கு வரும். எழுத்தரிடம் முன்கூட்டிப் பெயர் பதிய வேண்டும். பொதுவாக 5 நிமிடம் தருவார்கள். குடியுரிமை கேட்கமாட்டார்கள். எழுத்திலும் கொடுக்கலாம், ஆனால் உங்கள் பெயரோடு அது பொதுப் பதிவில் நின்றுவிடும். குடிவரவு வழக்கு நடக்கிறவர்கள் அதை யோசித்துக் கொடுக்கட்டும்.

பிரதேச சபைக் கூட்டம் நடக்கும் ஸ்காபரோ மாநகர மண்டபத்தை வரைந்தவர் ரேமண்ட் மோரியாமா. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வழித்தோன்றல் என்பதற்காக இந்த நாடே முகாமில் அடைத்த பிள்ளை அவர். 1973இல் திறந்த அந்த வெள்ளை மாடங்களுக்குக் கீழே நின்று கதைக்கும்போது குரல் நடுங்கினால் பரவாயில்லை.

உங்கள் விடயம் நிகழ்ச்சிநிரலில் எத்தனையாவது என்று முதல்நாளே பாருங்கள். கூட்டம் காலை 9:30க்குத் தொடங்கும், முறை பின்னேரம் மூன்று மணிக்கும் வரலாம். அரைநாள் லீவு போதாது. சாப்பாடும் கட்டிக்கொண்டு போங்கள்.