ஒரே ஆண்டில் நான்கு நாவல்

கேள்வி: எல்லிஸ் பீட்டர்ஸின் பிரதர் காட்ஃபெல் துப்பறியும் நாவல்களை வரிசையாகப் படித்துவருகிறேன், பதின்மூன்று முடிந்தது. இருபது நாவல்களும் பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எட்டே ஆண்டுகளுக்குள் நடந்து முடிகின்றனவாம். 1141-இல் மட்டும் நான்கு! ஒரு சிற்றூர், ஒரு வயதான துறவி, இத்தனை கொலைகள். ஏன் இப்படி நெருக்கியடித்து வைத்தார்? முழுத் தொடரையும் முதலிலேயே திட்டம் போட்டு எழுதியதால் வந்த நெருக்கமா? இன்னொன்று: மீதியைத் தாண்டி நேராகக் கடைசி நாவலுக்குப் போகலாமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: 1141-ஐ விரல்விட்டு எண்ணியிருக்கிறீர்கள். கொலைகாரன் யார் என்பதை விட்டுவிட்டுக் காலண்டரைப் பார்க்கும் வாசகர் கிடைப்பது அபூர்வம். உங்கள் சந்தேகத்தில் பாதி சரி. நெருக்கியது உண்மை, தெரிந்தே நெருக்கியதும் உண்மை. ஆனால் திட்டம் எதுவும் இருக்கவில்லை.

நீண்ட தொடர் என்றாலே ஆசிரியர் மொத்தக் கதையையும் முன்கூட்டியே வரைந்து வைத்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறோம். எல்லிஸ் பீட்டர்ஸ் (இயற்பெயர் எடித் பார்ஜிட்டர்) 1977-இல் வெளியிட்ட முதல் காட்ஃபெல் கதை தனி நாவல்தான். வேல்ஸ் நாட்டுக் குக்கிராமம் ஒன்றிலிருந்து புனித வினிஃப்ரெடின் எலும்புகளை ஷ்ரூஸ்பரி மடத்துக்காரர்கள் தோண்டி எடுத்துவந்தது வரலாற்றில் நடந்த சங்கதி. அதற்குள் ஒரு கொலையைப் பொருத்தினார், வேலை முடிந்தது. அடுத்த காட்ஃபெல் வர இரண்டு ஆண்டுகள் ஆயின. 1138-இல் ஸ்டீபன் மன்னன் ஷ்ரூஸ்பரிக் கோட்டையைப் பிடித்து, காவல் இருந்தவர்களைக் கூட்டமாகத் தூக்கிலிட்டான். நாவலில் தூக்கில் தொங்கியவர்கள் 94 பேர். அடக்கம் செய்யப் போனால் பிணங்கள் 95. இப்படி ஒரு கணக்கு அகப்பட்டால் எந்தத் துப்பறியும் எழுத்தாளர்தான் சும்மா இருப்பார்! காட்ஃபெல்லின் உற்ற நண்பன் ஹியூ பெரிங்கர் முதன்முதலாகத் தலைகாட்டுவதே இங்குதான், அதுவும் நம்பலாமா கூடாதா என்று தெரியாத ஆளாக. திட்டம் இருந்திருந்தால் முதல் நாவலிலேயே அவனை ஒரு மூலையில் உட்கார வைத்திருப்பார்.

திட்டமில்லாமல் தொடங்கியதில் ஒரு சிக்கல் வந்து சேர்ந்தது. முதல் சிலுவைப் போருக்குப் போய்வந்து, நாற்பது வயது வாக்கில் மடத்தில் சேர்ந்தவர் காட்ஃபெல். 1137-இல் நடக்கும் முதல் நாவலிலேயே அறுபதை நெருங்கிவிட்டார். தனி நாவலுக்கு அது பொருத்தமான வயது. தொடராக நீண்டால்?

அகாதா கிறிஸ்டி இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டார். 1920-இல் வந்த முதல் நாவலிலேயே அவரது துப்பறிவாளர் புவாரோ ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. புவாரோவின் கடைசி நாவல் வெளியானது 1975-இல். கணக்குப் போட்டால் மனிதருக்கு நூறு தாண்டியிருக்க வேண்டும். நிகழ்காலக் கதை எழுதுகிறவர் காலண்டரைப் பிடித்து நிறுத்த முடியாது. அந்தந்த ஆண்டின் காரும் டெலிபோனும் சட்டமும் கதைக்குள் வந்தே தீரும். நம் துப்பறியும் வக்கீல்கள் கணேஷ்–வஸந்த் மாதிரி வயதைப் பற்றிப் பேச்செடுக்காமலே பல ஆண்டுகளைக் கடந்துவிடலாம். நாமும் பெருந்தன்மையாகக் கேட்காமல் விட்டுவிடுவோம்.

சரித்திரக் கதையில் அந்தப் பெருந்தன்மை செல்லாது, ஏனென்றால் ஆண்டும் மாதமும் முதல் பக்கத்திலேயே அச்சாகிவிடுகின்றன. ஆனால் அந்தக் காலண்டரின் தாள்களை எவ்வளவு மெதுவாகக் கிழிப்பது என்பது முழுக்க ஆசிரியர் இஷ்டம். எல்லிஸ் பீட்டர்ஸ் 1977 முதல் 1994 வரை எழுதினார். காட்ஃபெல்லுக்கு ஏறியது எட்டு வயது. ரோமாபுரித் துப்பறிவாளன் ஃபால்கோவைப் படைத்த லிண்ட்ஸி டேவிஸும் இதைத்தான் செய்தார். 1989 முதல் 2010 வரை அவர் எழுதிய 20 நாவல்கள் கி.பி. 70-இல் தொடங்கி 77-இல் நிற்கின்றன. பிறகு ஃபால்கோவின் வளர்ப்பு மகள் ஆல்பியாவைத் துப்பறிவாளராக்கி, கதையை 89-க்குத் தூக்கிச் சென்றுவிட்டார்.

இனி உங்கள் 1141. அந்த ஆண்டு ஸ்டீபனுக்கும் மாட் பேரரசிக்கும் இடையே நடந்த அரியணைச் சண்டையின் உச்சம். பிப்ரவரியில் லிங்கன் போரில் மன்னன் சிறைப்பட்டான். முடிசூட்டிக்கொள்ள வந்த பேரரசியை ஜூனில் லண்டன்வாசிகள் விரட்டிவிட்டார்கள். செப்டம்பரில் வின்செஸ்டரில் அவள் படை சிதறியது. நவம்பரில் கைதி மாற்றத்தில் மன்னன் வெளியே வந்தான். ஆசிரியர் நான்கு நாவல்களைப் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், டிசம்பர் என்று இதன்மேல் பரப்பினார்.

பின்னணிக்காக மட்டும் அல்ல. பிப்ரவரி நாவலைப் பாருங்கள். மன்னன் தோற்றதால் அவன் பக்கம் போரிட்ட ஷ்ரூஸ்பரி ஷெரீஃப் வேல்ஸ்காரர்களிடம் பிடிபடுகிறார். (ஷெரீஃப் என்றால் வரி, வழக்கு, காவல் மூன்றுக்கும் பொறுப்பாக மாவட்டத்தில் மன்னன் வைத்திருக்கும் அதிகாரி.) பணயக்கைதியை மாற்றிக்கொண்டு அவரை மீட்டு வருகிறார்கள், மடத்து நோயாளிக் கூடத்தில் கொல்லப்படுகிறார். ஷெரீஃப் இடம் காலியாகி, ஹியூ அங்கே ஏறுகிறான். நாட்டு அரசியல் ஒரு தள்ளுத் தள்ளியதில் ஒரு கற்பனை மனிதனின் உத்தியோகம் உயர்ந்துவிட்டது! சம்பவம் நிறைந்த ஆண்டில் ஆசிரியர் கதையின் வேகத்தைக் குறைத்ததற்கு இதுதான் காரணம். 1142-இல் மூன்று, 1143-இல் இரண்டு, 1144-இல் இரண்டு, 1145-இல் ஒன்று என்று பிறகு தாள்கள் வேகமாகக் கிழிகின்றன.

பருவமும் இதில் சேர்த்தி. காட்ஃபெல் மடத்து மூலிகைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர். மூன்றாவது நாவலில் கொலைக்கு உதவுவது மாங்க்ஸ் ஹூட் என்ற செடி. நம் சித்த வைத்தியத்தில் வரும் நாபிக்கு உறவு. எண்ணெயாகக் காய்ச்சி மேலுக்குத் தடவினால் மூட்டுவலி அடங்கும், வயிற்றுக்குள் போனால் ஆளே போய்விடுவான். கதை நடப்பது டிசம்பரில், முதிய துறவிகளின் தோளும் முட்டியும் குளிரில் குடையும்போது. அதனால்தான் அந்த எண்ணெய்க் குப்பி பலர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. கோடையில் இந்தக் கொலைக்கு வழி குறைவு. இளவயதில் மருந்துக்கடையில் வேலை பார்த்த அனுபவம் ஆசிரியருக்குக் கைகொடுத்தது.

கடைசிக் காரணம் நீங்கள்தான். அதாவது, உங்களைப் போன்ற வாசகர். சினிமாக்காரர்கள் கன்டின்யூட்டி என்பார்களே, முந்தின காட்சியில் இடக்கையில் இருந்த கட்டு அடுத்த காட்சியிலும் இடக்கையிலேயே இருப்பது. தொடர் வாசகர் அதைக் கறாராகக் கவனிப்பவர். 1139 முடியும்போது பிறக்கும் ஹியூவின் மகன் கடைசி நாவலின் காலத்தில் ஆறு வயதை நெருங்க வேண்டும், பத்து ஆகிவிடக் கூடாது. சில மாத இடைவெளி என்றால் கொலையாளி மறந்துபோனாலும், ஹியூவின் வீட்டில் என்ன நடக்கிறது என்பது வாசகருக்கு நினைவிருக்கும். பத்தாண்டு தாவினால் எல்லோரையும் மறுபடி அறிமுகம் செய்ய வேண்டியதுதான். என் அபிப்பிராயத்தில், ஐந்தாறு நாவலுக்குப் பிறகு வாசகர் புதிர் தேடி வருவதில்லை, இந்த மனிதர்களைப் பார்க்கத்தான் வருகிறார். ஷ்ராப்ஷயரிலேயே பிறந்து வாழ்ந்த ஆசிரியர் ஊரின் தெருவையும் பாலத்தையும் உள்ளபடியே எழுதியதால், நாவலைக் கையில் வைத்துக்கொண்டு ஷ்ரூஸ்பரியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களும் உண்டு. மடத்துத் தேவாலயத்தில் அவர் நினைவாக ஒரு வண்ணக் கண்ணாடிச் சாளரம் இருக்கிறது.

1995-இல் அவர் காலமானார். இருந்து எழுதியிருந்தால் ஒரு தர்மசங்கடம் காத்திருந்தது. கதையில் ஜம்பமடிக்கும் துணைத்தலைவர் ராபர்ட் கற்பனையல்ல, நிஜ மனிதர். 1148-இல் மடத்தலைவரே ஆகிவிட்டார்! அவருக்குக் கீழே காட்ஃபெல் என்ன பாடுபட்டிருப்பாரோ.

கடைசிக்குத் தாவுவது பற்றி. ஆறாவது நாவலைப் படித்துவிட்டீர்கள் அல்லவா? அது போதும், தாவலாம். ஏன் ஆறாவது என்று இங்கே சொல்லிவிட்டால் இருபதாவதைத் திறக்கும்போது என்னைத் திட்டுவீர்கள். பதினெட்டாவதை எப்போது வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்; டேனியக் கப்பல்கள் வரும் நல்ல பயணக் கதை, துப்பறிதல் அதில் கொஞ்சம்தான். பதினேழாவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.