மின் எஃகின் மணிகளை ஒரே திசையில் நிறுத்துவது எப்படி?

புரோசார்டிலிருந்து மொன்றியல் நகரத்துக்கு 2023 ஜூலை முதல் ஓடும் ஆர்.இ.எம். ரயில் பெட்டிகள், சென்னைக்கு வடக்கே உள்ள ஸ்ரீசிட்டியில் அல்ஸ்டாம் ஆலையில் உருவானவை. அவற்றுக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்ஃபார்மரின் வயிற்றிலும், பெட்டியை இழுக்கும் மோட்டாருக்குள்ளும் இருப்பவை மின் எஃகு எனப்படும் சிலிக்கான் எஃகுத் தகடுகள்தான். ஆனால் இரண்டுக்கும் ஒரே தகடு ஆகாது.

முதலில் பயன்பாட்டை முடிவு செய்யுங்கள். மோட்டாரில் காந்தப்புலம் சுழலும். தகடு எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே குணத்தோடு இருக்க வேண்டும். இங்கே மணியின், அதாவது எஃகிலுள்ள ஒவ்வொரு சிறு படிகத்தின், அளவைக் கவனித்தால் பெரும்பாலும் போதும். மணி சிறுத்தால் தயக்க இழப்பு கூடும், பெருத்தால் சுழல்மின் இழப்பு கூடும். இடைப்பட்ட அளவில் அனீலிங்கை (சூடாக்கிப் பதப்படுத்துவதை) நிறுத்துங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் தகடுதான் உண்மையான சோதனை. இரும்புப் படிகம் அதன் கனசதுர விளிம்பின் வழியே எளிதில் காந்தமேறும். அந்த விளிம்புகளை உருட்டும் திசையோடு ஒத்து நிறுத்தும் வழிக்கு நார்மன் காஸ் 1934-இல் காப்புரிமை பெற்றார்.

சுமார் 3 விழுக்காடு சிலிக்கான் உள்ள பாளத்தை 1350 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, மாங்கனீஸ் சல்ஃபைடைக் கரையவிடுங்கள். சூடாக உருட்டும்போது அது நுண்துகளாகத் திரும்பப் படியும். தகட்டின் மேற்பரப்பை ஒட்டி, சரியான திசைகொண்ட சில மணிகளும் தோன்றும். அடுத்து, நடுவே ஓர் அனீலிங் கொடுத்து, இருமுறை குளிர்நிலையில் உருட்டி 0.3 மில்லிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். ஈர ஹைட்ரஜனில் கரியை நீக்கி, மெக்னீசியா பூசுங்கள்.

இனி அவசரம் கூடவே கூடாது. தகட்டுச் சுருளின் வெப்பத்தை மெதுவாக 1200 டிகிரிவரை ஏற்றுங்கள். நுண்துகள்கள் மற்ற மணிகளை வளரவிடாமல் பிடித்து வைத்திருக்க, சரியான திசைகொண்ட அந்தச் சில மணிகள் அக்கம்பக்கத்தை விழுங்கி, கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருக்கும். துகள்கள் முன்கூட்டியே பருத்துவிட்டால் எல்லா மணியும் சேர்ந்து வளரும். கெட்ட சுருளைப் பின்னால் மீட்க வழியில்லை. மணிகள் வளர்ந்து முடிந்த பிறகே ஹைட்ரஜன் கந்தகத்தைக் கழுவ வேண்டும்.

ஒரு துண்டை அமிலத்தில் அரித்துப் பாருங்கள். பெரிய மணிகளுக்கிடையே பொடிமணித் திட்டுகள் தெரிந்தால் வளர்ச்சி முழுமையாகவில்லை.

வெட்டும்போது உருட்டிய திசை உள்ளகத் தூணின் நீளத்தோடு போகட்டும். மூலைகளை 45 டிகிரியில் சாய்த்து இணையுங்கள்.