முயலுக்கு எந்தத் துவக்கு?

கேள்வி: பல்லராட்டுக்கு மேற்கே நாற்பது ஏக்கர் காணி வாங்கி ஒலிவ் வைத்திருக்கிறோம். இளங்கன்றுகளின் பட்டையை முயல்கள் கொறித்துத் தள்ளிவிட்டன. ஏ பிரிவுத் துவக்கு லைசென்ஸ் எடுத்துவிட்டேன். அமெரிக்கக் காணொளிகளில் ரூகர் 10/22 வாங்கி, குழல், விசை, கட்டை எல்லாவற்றையும் மாற்றிப் பிரமாதமாகச் சுடுகிறார்கள். நானும் அதையே வாங்கட்டுமா? .22 நல்லதா, .17 நல்லதா? வாங்கியபின் முதலில் எதை மாற்றுவது?
(பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர், விக்ரோரியா)

பதில்: ரூகர் 10/22 ஐ மறந்துவிடுங்கள். ஒரு சூடு முடிந்ததும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை அது. 1996இல் போர்ட் ஆதர் படுகொலைக்குப் பின் நாடு முழுவதும் ஏற்றுக்கொண்ட துவக்கு உடன்பாட்டில் அந்த வகை சி பிரிவுக்குப் போய்விட்டது. உங்கள் லைசென்ஸ் அதற்குச் செல்லாது. விவசாயம்தான் என் தொழில் என்று பொலிஸ் உரிமப் பிரிவில் நிரூபித்து சி பிரிவு எடுத்தாலும், முயலுக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து. 1964இல் வந்த அந்தத் துவக்கின் குழலை இரண்டு திருகாணிகளும், விசைப் பெட்டியை இரண்டு ஊசிகளும்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மேசையில் வைத்தே பிரித்துப் பூட்டலாம். அதனால்தான் அமெரிக்கர்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. கடைசியில் சில துவக்குகளில் ரூகர் செய்த பாகம் ஒன்றுகூட மிஞ்சாது.

நீங்கள் வாங்க வேண்டியது கையால் போல்ட்டை இழுத்துச் சுடும் துவக்கு. சீசெட் 457, டிக்கா டி1எக்ஸ், ரூகர் அமெரிக்கன் எதுவும் மோசமில்லை. கடைக்குப் போய் மூன்றையும் தோளில் வைத்துப் பாருங்கள். எனக்குச் சீசெட்மேல் ஒரு சாய்வு உண்டு. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இனி .22 ஆ .17 ஆ என்ற கதை. இதற்குப் பதில் உங்கள் காணியில்தான் இருக்கிறது. மாலையில் முயல் வெளியே வரும் இடத்துக்கும் நீங்கள் ஒளிந்திருக்கக்கூடிய இடத்துக்கும் நடுவே எத்தனை மீற்றர்? ஒலிவ் வரிசைகளுக்குள் என்றால் முப்பதிலிருந்து அறுபதுக்குள்தான் இருக்கும். அந்தத் தூரத்துக்கு .22 லோங் ரைபிள் தோட்டாவில், ஒலியைவிட மெதுவாகப் போகும் குழிமுனைச் சன்னம் போதும். அது செக்கனுக்கு ஏறக்குறைய 320 மீற்றர் வேகத்தில் போகும். ஒலியைத் தாண்டாததால் சாட்டை சொடுக்கும் சத்தம் வராது. சத்தமடக்கி பூட்டுவது நமக்குச் சட்டப்படி இயலாத காரியம் என்பதால் இது பெரிய விஷயம். ஒன்று விழுந்த பிறகும் மற்ற முயல்கள் சில நேரம் வளைக்கு ஓடாமல் காது நிமிர்த்திப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

அதன் குறை, கீழே விழும் வேகம். 50 மீற்றரில் சரியாகப் படும்படி வைத்தால், 60இல் இரண்டரை சென்ரிமீற்றர் கீழே படும். 75இல் எட்டு. 100 மீற்றரில் ஒரு சாண். முயலின் தலையில் உயிர்போகும் இடம் ஐந்து சென்ரிமீற்றர்கூட இல்லை. ஆகவே 60க்கு மேல் சுடாதீர்கள். "இன்னும் வேகமான .22 வாங்கினால்?" என்று அடுத்த கடிதம் வரும் என்று தெரியும். வேகமான .22 ஐப் பக்கக் காற்று மெதுவானதைவிட அதிகமாகத் தள்ளும். நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் உண்மை. ஒலிவேகத்துக்குச் சற்று மேலே காற்றின் தடை சட்டென்று கூடிவிடுவதுதான் காரணம்.

.17 எச்.எம்.ஆர். 2002இல் ஹோர்னடி நிறுவனம் கொண்டுவந்தது. ஒரு கிராமுக்குச் சற்று மேற்பட்ட சன்னம், செக்கனுக்கு ஏறக்குறைய 777 மீற்றர். 100 மீற்றரில் சரிப்படுத்தினால் 120இல் மூன்று சென்ரிமீற்றர்தான் விழும். திறந்த புல்வெளியில் முயல் தூரத்தில் நிற்கிறது என்றால் இதுதான் துவக்கு. ஆனால் சத்தம் அயலுக்கெல்லாம் கேட்கும், தோட்டா விலையும் கூட. உடம்பில் பட்டால் கறி சட்டிக்கு ஆகாது.

உங்கள் பக்கத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல்லராட்டுக்கு மேற்கே எரிமலைச் சமவெளி, புல்லுக்குள் கருங்கல் கிடக்கும். .22 ஈயச் சன்னம் கல்லிலோ தண்ணீரிலோ பட்டால் தெறித்து எங்கேயோ போகும். பல தோட்டாப் பெட்டிகளில் ஒன்றரை மைல் என்று எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். நாற்பது ஏக்கர் சதுரமாக இருந்தால்கூடப் பக்கத்துக்கு 400 மீற்றர்தான். .17இன் மெல்லிய சன்னம் பட்ட இடத்திலேயே பெரும்பாலும் சிதறிவிடும். எனவே காணி முழுக்கக் கல் என்றால் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு .17 எடுங்கள். மண் மெத்தென்று இருந்து, மேட்டிலிருந்து கீழ்நோக்கிச் சுட முடியும் என்றால் .22. எதுவானாலும் முயலுக்குப் பின்னால் மண் தெரியாவிட்டால் விசையில் விரல் போகக் கூடாது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் .22இல் தொடங்குங்கள் என்பேன். சீசெட் 457இல் பின்னாளில் குழலையும் மேகசினையும் மாற்றி அதையே .17 ஆக்கலாம், என் சாய்வுக்குக் காரணம் அதுதான். மாற்றுமுன் உரிமப் பிரிவிடம் கேளுங்கள், பதிவில் துவக்கின் தோட்டா அளவும் இருக்கிறது.

எதை முதலில் மாற்றுவது? தோட்டாவை. இதைச் சொன்னால் ஏமாந்ததுபோல் பார்க்கிறார்கள். ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துச் செய்த இரண்டு துவக்குகள்கூட ஒரே தோட்டாவை விரும்பாது. வின்செஸ்டர், சி.சி.ஐ., ஈலி என்று நான்கைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். காற்றில்லாத காலையில், மணல்மூட்டையில் துவக்கைக் கிடத்தி, 50 மீற்றரில் ஐந்தைந்தாகச் சுடுங்கள். ஐந்தும் இரண்டரை சென்ரிமீற்றருக்குள் அடங்கும் வகை கிடைத்துவிட்டால் அதே தொகுதி எண்ணில் மொத்தமாக வாங்கி வையுங்கள். இந்தச் சோதனைக்குப் புதுக் குழல் வாங்கும் காசில் சிறு பங்குதான் ஆகும். புதுக் குழலாலும் பலநேரம் இதைவிடப் பெரிய வித்தியாசம் வராது.

அடுத்து தொலைநோக்கி. பெருந்துவக்குகளுக்கான தொலைநோக்கி 100 மீற்றர் அளவில் காட்சி பிசகாதபடி செய்யப்பட்டது. அதை .22இல் பூட்டிக் கிட்டத்தில் பார்த்தால், கண் சற்று அசைய, குறுக்குக்கோடு முயலின் காதிலிருந்து கழுத்துக்கு நகரும். ரிம்ஃபையர் எனப்படும் .22, .17 வகைத் துவக்குகளுக்கென்று 50இல் அமைத்ததையோ, தூரத்தைத் திருகிச் சரிசெய்யக்கூடியதையோ வாங்குங்கள். பெருக்கம் ஒன்பது மடங்குக்கு மேல் வேண்டாம். கன்னம் கட்டையில் படியாவிட்டால் ஒரு கன்னப்பட்டையைக் கட்டினால் தீர்ந்தது.

விசை மூன்றாவது. சீசெட்டிலும் டிக்காவிலும் வேறு விசை வாங்கத் தேவையில்லை, உள்ளதையே இளக்கலாம். ஒரு கிலோவுக்குக் கீழே போகாதீர்கள். யூலை மாதக் குளிரில் விறைத்த விரலுக்கு மெல்லிய விசை ஆபத்து. இளக்கிய பிறகு, வெற்றுத் துவக்கின் போல்ட்டை ஓங்கி மூடியும், அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் தட்டியும், விசை தானாக விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் துவக்குத் திருத்துபவரிடம் கொண்டுபோங்கள்.

மடங்கும் கட்டை, படைத்துவக்குச் சாயல் எல்லாம் வேண்டவே வேண்டாம். நியூ சவுத் வேல்ஸில் மடங்கும் கட்டை தடை. ஒரு வேட்டைப் பயணத்தில் எல்லை தாண்டினால் வம்பு.

ஒன்று சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. தோமஸ் ஒஸ்டின் 1859இல் வின்செல்சீக்கு அருகே அவிழ்த்துவிட்ட முயல்களின் வாரிசுகளை இந்த நாடு வேலியாலும் நோய்க்கிருமியாலும் அழிக்கப் பார்த்து முடியாமல் நிற்கிறது. துவக்கால் மட்டும் உங்கள் கன்றுகள் பிழைக்காது. எண்ணிக்கை குறைந்து மண் காய்ந்திருக்கும் கோடைக் கடைசியில் வளைகளை உழுது கிழித்துவிடுங்கள். மிஞ்சுவதைச் சுடுங்கள். ஈயம் பட்ட உடல்களை வெளியில் விடாமல் புதையுங்கள், ஆப்புவால் கழுகு தின்றால் அதற்கும் நஞ்சு.

கேள்வி: ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் குழலைத் துடைக்க வேண்டுமா?

பதில்: .22க்குத் தேவையில்லை. மெழுகு பூசிய ஈயம் குழலுக்குள் படிந்து, அந்தப் படிவிலேயே துவக்கு சீராகச் சுடும். தோட்டா வகையை மாற்றினால் முதல் பத்துப் பதினைந்து சூடுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். .17இல் செம்பு படியும், அதை அடிக்கடி துடையுங்கள். இரண்டிலும் போல்ட் பக்கமிருந்தே கம்பியை விடுங்கள். வாய்ப் பக்கமிருந்து விட்டால் விளிம்பு தேயும்.

கேள்வி: வெற்றுக் கூடுகளை வீட்டில் மறுபடி நிரப்பலாமா? சில தோட்டாக்கள் வெடிக்காமலும் போகின்றன.

பதில்: நிரப்ப முடியாது. வெடிமருந்துப் பொட்டு விளிம்புக்குள்ளேயே இருக்கிறது, ஊசி அடித்ததும் விளிம்பு நசுங்கிவிடும். வெடிக்காத தோட்டா என்றால் குழலை மண்மேட்டை நோக்கியே பிடித்து அரை நிமிடம் காத்திருங்கள். முகத்தை விலக்கிக்கொண்டு போல்ட்டைத் திறங்கள். எடுத்த தோட்டாவைத் திரும்ப ஏற்றாதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். வாங்கிய கடையிலோ சுடும் கழகத்திலோ கொடுத்துவிடுங்கள்.