இன்ஜினியரிங்கும் வேண்டும், மேனேஜ்மென்ட்டும் வேண்டும்: எங்கே படிப்பது?

வெளிநாட்டு மேற்படிப்பு: கேள்வி – பதில்

கேள்வி: மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் இரண்டு வருடமாக புரொடக்‌ஷனில் இருக்கிறேன். சிஜிபிஏ 7.6, அரியர் இல்லை. இன்ஜினியரிங்கும் மேனேஜ்மென்ட்டும் சேர்ந்த மாஸ்டர்ஸ் படிக்க ஜெர்மனி போக ஆசை. அங்கே படிப்பு இலவசம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் போன கன்சல்டன்சியிலோ ஒரு தனியார் பல்கலைக்கழகத்தைக் காட்டி, கட்டணம் 12 லட்சம், சீட் உறுதி என்கிறார்கள். வீட்டை அடமானம் வைக்கலாம் என்கிறார் அப்பா. என்ன செய்வது?
– வாசகர், ஓசூர்

பதில்: வீட்டுப் பத்திரம் இப்போதைக்கு பீரோவிலேயே இருக்கட்டும்.

நீங்கள் தேடும் படிப்புக்கு ஜெர்மனி சரியான நாடுதான். 1920களிலேயே பெர்லின் சார்லோட்டன்பர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் வில்லி பிரியோன் என்ற பேராசிரியர் பொறியியலையும் வணிகத்தையும் சேர்த்து ஒரு படிப்பைத் தொடங்கினார். இன்று கார்ல்ஸ்ரூ, டார்ம்ஸ்டாட், ஆஹன், பெர்லின் என்று பல ஊர்களில் அது நடக்கிறது. படித்தவர்களுக்கு அங்கே தொழிற்சாலைகளில் நல்ல மதிப்பு.

சிக்கல் சேர்க்கை விதியில் இருக்கிறது. அங்கே பெரும்பாலான மாஸ்டர்ஸ் படிப்புகள் இளநிலையில் படித்ததன் தொடர்ச்சி. இளநிலையில் இயந்திரவியலில் இத்தனை கிரெடிட், கணக்கியல், நிதி, பொருளாதாரம் போன்றவற்றில் இத்தனை கிரெடிட் என்று விதிமுறையிலேயே எழுதியிருப்பார்கள். நம் மெக்கானிக்கல் பாடத்திட்டத்தில் நிர்வாகம் என்று பார்த்தால் ஒன்றிரண்டு தாள்தான் தேறும். அதனால்தான் 9 சிஜிபிஏ வாங்கியவருக்கும் ‘பாடப் பொருத்தம் இல்லை’ என்று மறுப்புக் கடிதம் வருகிறது. போதாததற்கு, இந்தப் படிப்புகளில் பெரும்பாலானவை ஜெர்மன் மொழியில்தான் நடக்கின்றன.

மேனேஜ்மென்ட் படிக்காத இன்ஜினியர்களுக்கென்றே ஆங்கிலத்தில் சில படிப்புகள் இருக்கின்றன. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ‘மாஸ்டர் இன் மேனேஜ்மென்ட்’ அப்படி ஒன்று. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ‘குளோபல் புரொடக்‌ஷன் இன்ஜினியரிங்’ உங்கள் அனுபவத்துக்கு இன்னும் நெருக்கம். இரண்டுமே அரசுப் பல்கலைக்கழகங்கள்தான், ஆனால் இரண்டிலும் கட்டணம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் மியூனிக்கில் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து மாஸ்டர்ஸுக்கு ஒரு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறார்கள். கார்ல்ஸ்ரூவும் ஸ்டுட்கார்ட்டும் இருக்கும் பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் 2017 முதலே செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஆக, இலவசம், ஆங்கிலம், மேனேஜ்மென்ட் மூன்றும் ஒரே படிப்பில் கூடி வருவது அபூர்வம். எதை விட்டுக்கொடுப்பது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

என்னைக் கேட்டால் மேனேஜ்மென்ட்டை விட்டுக்கொடுங்கள் என்பேன், அதுவும் பட்டத்தின் பெயரில் மட்டும். கட்டணம் வாங்காத அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் உற்பத்திப் பொறியியலோ லாஜிஸ்டிக்ஸோ எடுத்து, விருப்பப் பாடங்களில் செலவுக் கணக்கியலையும் சப்ளை செயினையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் பங்களிப்புத் தொகை என்று சில நூறு யூரோ மட்டும் கட்ட வேண்டியிருக்கும். பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே அடங்கும். மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். ‘வெர்க்ஸ்டுடென்ட்’ என்ற பெயரில் ஒரு தொழிற்சாலையின் திட்டமிடல் பிரிவில் ஓராண்டு உட்கார்ந்தால், வகுப்பறையில் கிடைக்காத நிர்வாகப் பாடம் கிடைக்கும். அதற்கு ஜெர்மன் வேண்டும். ஷாப் ஃப்ளோரில் ஆங்கிலம் செல்லாது. பி1 நிலையாவது முடிக்காமல் விமானம் ஏறாதீர்கள். சென்னை மேக்ஸ் முல்லர் பவனில் வகுப்புகள் நடக்கின்றன.

இனி உங்கள் மதிப்பெண். ஜெர்மனியில் 1 தான் உச்சம், 4 கடைசித் தேர்ச்சி. நம் மதிப்பெண்ணை அந்த அளவுக்கு மாற்ற, அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிப் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1 கூட்ட வேண்டும். தேர்ச்சிப் புள்ளி 5 என்றால் உங்கள் 7.6 அங்கே 2.44 ஆகும். தேர்ச்சிப் புள்ளி 6 என்றால் அதே 7.6 வெறும் 2.8 தான். 2.5க்குள் இருக்க வேண்டும் என்று கேட்கும் இடங்களில் இந்த ஒரு புள்ளியே தலையெழுத்தை மாற்றிவிடும். உங்கள் ரெகுலேஷனில் தேர்ச்சிப் புள்ளி எவ்வளவு என்று முதலில் பாருங்கள். மார்க் ஷீட்டில் அது தெளிவாக இல்லாவிட்டால் கல்லூரியில் கடிதம் வாங்கி வையுங்கள்.

2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு, படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். கைக்கு வரச் சில வாரங்கள் பிடிக்கும். அக்டோபரில் தொடங்கும் பருவத்துக்குப் பல இடங்களில் மார்ச்சுக்கும் ஜூலை பாதிக்கும் நடுவில் விண்ணப்பம் முடிந்துவிடும் என்பதால், முந்தைய ஆண்டு தீபாவளிக்குள் ஏபிஎஸ் வேலையைத் தொடங்குங்கள். விசாவுக்கு பிளாக்ட் அக்கவுண்ட்டில் 11,904 யூரோ, அதாவது சுமார் 12 லட்சம் ரூபாய் காட்ட வேண்டும். அது கட்டணமல்ல, உங்கள் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மாதம் 992 யூரோவாக உங்களிடமே திரும்பி வரும்.

தனியார் என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. தரமான தனியார் நிர்வாகப் பள்ளிகளும் அங்கே இருக்கின்றன. ஆனால் உங்கள் மார்க்கைப் பார்ப்பதற்கு முன்பே சீட் உறுதி என்கிற இடம் யாரையும் சேர்த்துக்கொள்ளும் இடம். பொதுவாக அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏஜென்ட்டுக்கு கமிஷன் தருவதில்லை, தனியார் பலரும் தருகிறார்கள். கன்சல்டன்சியின் சிபாரிசை அந்தக் கணக்கோடு சேர்த்துப் படியுங்கள். அந்தத் தனியார் பல்கலைக்கழகத்துக்கு மாநில அங்கீகாரம் உண்டா, வகுப்புகள் முழுக்க நேரில் நடக்கின்றனவா என்று எழுத்தில் கேளுங்கள். ஆன்லைன் கலந்த படிப்பில் சேர்ந்த இந்திய மாணவர்கள் 2025இல் பெர்லினில் வதிவிட அனுமதி கிடைக்காமல் தவித்தார்கள்.

கேள்வி: என் மகள் ட்ரிபிள்-ஈ கடைசி வருடம். அமெரிக்காவில் எம்பிஏ படிக்கவா, எம்இஎம் (மாஸ்டர் ஆஃப் இன்ஜினியரிங் மேனேஜ்மென்ட்) படிக்கவா என்று குழம்புகிறாள்.
– ஒரு தாய், மதுரை

பதில்: வேலை அனுபவம் இல்லாமல் எம்பிஏ வேண்டாம் அம்மா. நல்ல பள்ளிகள் சில வருட அனுபவம் உள்ளவர்களைத்தான் எதிர்பார்க்கின்றன. டியூக், டார்ட்மத், கார்னெல், நார்த்வெஸ்டர்ன் போன்ற இடங்களில் இருக்கும் எம்இஎம், கல்லூரி முடித்த கையோடு போகக்கூடியது. இன்னொரு லாபமும் உண்டு. ஸ்டெம் பட்டியலில் இருக்கும் எம்இஎம் படித்தால், படிப்பு முடித்தபின் வேலை பார்க்கத் தரும் ஒரு வருட ஓபிடி அனுமதியோடு மேலும் 24 மாதம் வேலை பார்க்க அனுமதி கிடைக்கும். மூன்று வருடம் இருந்தால் எச்-1பி வேலை விசா குலுக்கலில் மூன்று முறையாவது பெயர் கொடுக்க வாய்ப்புண்டு. எல்லா எம்பிஏ-வும் ஸ்டெம் பட்டியலில் கிடையாது. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

அவளுக்கு அவசரம் இல்லையென்றால் இங்கேயே இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு எம்ஐடி-யின் ‘லீடர்ஸ் ஃபார் குளோபல் ஆபரேஷன்ஸ்’ படிப்புக்கு முயலலாம். எம்பிஏ-வும் பொறியியல் முதுநிலையும் இரண்டே வருடத்தில் சேர்ந்து கிடைக்கும். 1988இல் வேறு பெயரில் தொடங்கிய படிப்பு அது. கிடைப்பது மிகக் கடினம், ஆனால் இந்த வகையில் அதைவிட நல்ல படிப்பை நான் அறியேன்.

கேள்வி: பிரிட்டனில் ஒரே வருடத்தில் முடிகிற ‘இன்ஜினியரிங் பிசினஸ் மேனேஜ்மென்ட்’ நல்லதா?
– வாசகர், கோவை

பதில்: வாரிக் பல்கலைக்கழகத்தின் டபிள்யூஎம்ஜி-யில் என்றால் படிப்பு நல்லதுதான். ஐஐடி கரக்பூரில் படித்த குமார் பட்டாச்சார்யா 1980இல் தொடங்கிய துறை அது. தொழிற்சாலைகளோடு சேர்ந்தே வளர்ந்தது. ஆனால் படிப்பு முடிந்தபின் தங்கி வேலை தேடும் காலம், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு வருடத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. அதன்பின் வேலை விசா வேண்டுமென்றால், புதிதாகப் படித்து முடித்தவருக்கான சலுகை வரம்பே ஆண்டுச் சம்பளம் 33,400 பவுண்டு. அந்தச் சம்பளம் கிடைக்காமல் கோவைக்கே திரும்ப நேர்ந்தால், இங்கே வாங்கும் சம்பளத்தில் கல்விக் கடன் தவணையைக் கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.