நோட்ஸா, பாட்டா?

பி.ஏ. தமிழ் முதலாண்டு படிக்கிறேன். குறுந்தொகை தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நோட்ஸை மனப்பாடம் செய்து ஒப்பேற்றிவிடலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

தாராளமாக ஒப்பேற்றலாம், தேர்ச்சியும் கிடைக்கும், பாட்டுதான் கிடைக்காது. குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிதான். முதலில் இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். வினைமுற்றைத் தேடிப் பிடியுங்கள். யார், யாரிடம், எந்த நேரத்தில் பேசுகிறார் என்று கேளுங்கள். கபிலரின் 25ஆம் பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். 'குறிஞ்சி, தலைவி கூற்று' என்பதோடு நோட்ஸின் கடமை முடிந்துவிடும். களவு மணத்துக்குச் சாட்சியாக அங்கே நின்றது ஒரு நாரைதான். அதன் கண்ணோ ஓடும் நீரில் வரும் ஆரல் மீன்மேல். இருந்தும் உதவாத சாட்சி! தலைவன் சொல் தவறினால் அவள் யாரிடம் போய் முறையிடுவாள்? திணையின் பெயர் தெரிந்தால் மட்டும் இந்தத் தவிப்பு பிடிபடாது; மீனைப் பார்க்கும் நாரையைக் கவனிக்க வேண்டும்.

'அப்படியானால் உரையே வேண்டாமா?' என்பீர்கள். வேண்டும். கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ், கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து விமர்சனம் எழுதச் சொன்னார். பலருக்கு நேர்ப்பொருளே பிடிபடவில்லை என்பதை 1929இல் வெளியிட்ட நூலில் காட்டினார். சொந்த வாசிப்பும் சறுக்கும் என்பதற்கு அது சான்று. ஆகவே உங்கள் பொருளை நான்கு வரியில் எழுதிவிட்டு, பிறகு உ.வே.சா.வின் 1937ஆம் ஆண்டு உரையைத் திறந்து ஒப்பிடுங்கள். எங்கே முரண்படுகிறதோ, அதைத்தான் வகுப்பில் கேட்க வேண்டும். வாரம் இரண்டு பாட்டு போதும். தேர்வுக்குள் நோட்ஸை நீங்களே எழுதியிருப்பீர்கள்.