முன் டயர் சீரின்றித் தேய்வது ஏன்? காரணம் கண்டறியும் முறை

மோட்டார் சைக்கிளின் முன் டயர் ஒரு பக்கம் மட்டும் மொட்டையாவதும், மேடும் பள்ளமுமாகத் தேய்வதும் டயரின் தரக்குறைவால் நேர்வது அரிது. சாலையின் சாய்வோ, காற்றின் அளவோ, வண்டியின் உறுப்பு ஒன்றின் தளர்வோதான் பெரும்பாலும் அதற்குக் காரணமாக இருக்கும். கடலூரிலிருந்து பி.முட்லூர் வழியாகச் சிதம்பரத்துக்கும், அங்கிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரத்துக்கும் செல்லும் சாலைகள் ஏற்ற இறக்கமற்ற சமவெளியில் அமைந்தவை; வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இந்த அலையாத்திக் காட்டுப் பகுதியில் வீசுவதோ உப்புக் காற்று. சாலையால் வரும் தேய்வும், உப்பாலும் மழைநீராலும் பழுதுற்ற உறுப்புகளால் வரும் தேய்வும் ஒரே டயரில் கலந்து நிற்கக்கூடும் என்பதால், அவ்விரண்டையும் பிரித்தறிவதே இங்கு முதல் வேலையாகிறது.

1. காற்றை அளத்தல்

வண்டி ஓடாமல் நின்று டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் காற்றழுத்தத்தை அளக்க வேண்டும். ஓடிய டயர் சூடேறி, உள்ளிருக்கும் அழுத்தத்தை உயர்த்திக் காட்டும். 100 முதல் 125 சி.சி. வரையிலான வண்டிகள் பலவற்றில் முன் டயருக்கு 25 பி.எஸ்.ஐ. அளவு பரிந்துரைக்கப்படுகிறது என்றாலும், வண்டியில் ஒட்டப்பட்ட தாளிலோ கையேட்டிலோ உள்ள அளவே இறுதியானது. காற்று மிகுந்தால் நடுப்பகுதியும், குறைந்தால் இரு ஓரங்களும் முதலில் தேயும்.

2. தேய்வை அளத்தல்

கண்ணால் பார்த்து முடிவுசெய்வதைவிட அளந்து எழுதிக்கொள்வது நம்பகமானது. டயரின் பள்ளத்தில் ஓர் ஈர்க்குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி, மேல்விளிம்பு தொடும் இடத்தில் நகத்தால் குறியிட்டு, அந்த நீளத்தை அளவுகோலில் பார்த்தாலே ஆழம் தெரிந்துவிடும். இடம், நடு, வலம் என மூன்று இடங்களிலும், சக்கரத்தைக் கால் சுற்றாகத் திருப்பி நான்கு நிலைகளிலும் அளந்தால் பன்னிரண்டு அளவுகள் கிடைக்கும். இடத்துக்கும் வலத்துக்கும் வேறுபாடு இருந்தால் அது ஒரு பக்கத் தேய்வு. நிலைக்கு நிலை வேறுபட்டால் அது சக்கரத்தின் கோட்டத்தையோ ஃபோர்க்கின் தளர்ச்சியையோ சுட்டும். இதனோடு டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியையும் பார்த்துக்கொள்வது நன்று. 2423 என்றிருந்தால் 2023ஆம் ஆண்டின் 24ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள்.

3. உள்ளங்கையால் தடவிப் பார்த்தல்

சக்கரத்தை நிறுத்தி வைத்து, டயரின் மேற்பரப்பை முன்னோக்கி ஒரு முறையும் பின்னோக்கி ஒரு முறையும் தடவ வேண்டும். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் மீனின் செதிலைத் தடவுவதுபோல் கையில் பிடிப்பதாகவும் இருந்தால், பட்டன்கள் எனப்படும் ரப்பர்க் கட்டைகள் ஒரு விளிம்பில் மட்டும் தேய்ந்துள்ளன என்று அறியலாம். முன் பிரேக்கின் இழுவை முழுவதையும் முன் டயரே தாங்குவதால் இது சிறிதளவு இருப்பது இயல்பு. கட்டைகள் ஒன்றுவிட்டு ஒன்று குழிந்து, ஓடும்போது கூவும் ஒலி எழுந்தால் மட்டுமே ஃபோர்க்கையும் கைப்பிடிப் பேரிங் தொகுதியான கோன் செட்டையும் ஐயுற வேண்டும்.

4. சாலையின் பங்கைக் கழித்தல்

மழைநீர் வடிய வேண்டும் என்பதற்காகச் சாலையின் நடு உயர்ந்தும் ஓரம் தாழ்ந்தும் அமைக்கப்படுகிறது. இந்தியாவில் இடப்பக்கம் ஓட்டுவதால், நிமிர்ந்து ஓடும் வண்டியின் டயர் தன் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறமாகவே சாலையைத் தொடுகிறது. வலப்பக்கத் திருப்பமும் இடப்பக்கத் திருப்பத்தைவிட நீண்ட வளைவாக அமைகிறது. ஆகவே வலப்பக்கம் ஓரளவு கூடுதலாகத் தேய்ந்திருப்பதைப் பழுது என்று கொள்ளலாகாது. சுமையையும் இங்கேயே கணக்கிட வேண்டும்: மீன் பெட்டியையோ வலையையோ கேரியரின் இடப்பக்கமாகத் தொங்கவிட்டு ஓட்டுபவர், சமநிலைக்காகத் தம்மை அறியாமலே வண்டியை வலப்புறம் சாய்க்கிறார், டயரின் வலத்தோள் அந்த விலையைக் கொடுக்கிறது. இடப்பக்கம் மிகுதியாகத் தேய்ந்திருந்தாலோ, இரு பக்க வேறுபாடு குறுகிய காலத்தில் பெருகினாலோ, குறையை வண்டியில் தேட வேண்டும்.

5. சக்கரத்தைச் சோதித்தல்

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்னால் ஒருவர் அமுக்கிக்கொள்ள முன் சக்கரத்தை நிலத்திலிருந்து உயர்த்த வேண்டும். டயரை மேலும் கீழும் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தாலோ, சுழற்றும்போது கரகரப்பு கேட்டாலோ வீல் பேரிங் தேய்ந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழையில் தேங்கிய நீரினூடே ஓடிய வண்டிகளில் இதனை முதலில் ஐயுறலாம். பின்னர் ஒரு பென்சிலை ஃபோர்க்கோடு அணைத்து, அதன் முனை ரிம்முக்கு மிக அருகில் வருமாறு பிடித்துச் சக்கரத்தைச் சுழற்றினால், இடைவெளி கூடிக் குறைவதைக் கொண்டு ரிம்மின் கோட்டம் வெளிப்படும். கம்பிச் சக்கரமானால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென ஒலிப்பது இறுக்கமானது, மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது.

6. கோன் செட்டும் ஃபோர்க்கும்

கைப்பிடி திரும்புவதற்கு ஆதாரமாக உள்ள பேரிங் தொகுதியே கோன் செட். உயர்த்திய நிலையிலேயே ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் 'கடக்' என்ற ஆட்டம் தெரியுமானால் அது தளர்ந்துள்ளது; கைப்பிடியைத் திருப்பும்போது நடுவில் சிக்கி நிற்பதுபோல் தோன்றினால் குழி விழுந்துள்ளது, இறுக்கிப் பயனில்லை, மாற்றவே வேண்டும். அடுத்து வண்டியை இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தவாறு கைப்பிடியை அமுக்கி விட்டால், ஃபோர்க் எழுந்து உடனே அமைதியாக வேண்டும். பலமுறை துள்ளினால் அதன் எண்ணெய் குறைந்தோ வலுவிழந்தோ இருக்கிறது. உப்புக் காற்றால் ஃபோர்க் குழாயில் துருப்புள்ளிகள் தோன்றினால் அவை ஆயில் சீலைக் கிழித்துவிடுவதால், குழாயில் எண்ணெய்ப் பூச்சு தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

7. நேர்கோட்டைப் பார்த்தல்

மீன்வலைக்குரிய நைலான் நூலைப் பின் டயரின் பின்புறமாகச் சுற்றி, இரு முனைகளையும் முன்னோக்கி இழுத்து, பின் டயரின் முன்விளிம்பை நூல் தொட்டும் தொடாமலும் இருக்குமாறு பிடிக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும் வண்டியின் முன் டயருக்கும் நூலுக்கும் இடையே இருபுறமும் ஒரே இடைவெளி இருந்தால் இரு சக்கரங்களும் ஒரே நேரில் உள்ளன. இல்லையெனில், செயின் இறுக்கும்போது பின் ஆக்சிலின் இருபுறக் குறிகளும் ஒரே எண்ணில் வைக்கப்பட்டனவா என்று பார்க்க வேண்டும். அவை சரியாக இருந்தும் வேறுபாடு நீடித்தால் ஃபோர்க்கோ சேசிஸோ வளைந்திருக்கலாம், அது பட்டறைக்குரிய வேலை.

8. டயரை வைப்பதா, மாற்றுவதா

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இரு சக்கர வாகன டயரின் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பன்னிரண்டு அளவுகளில் ஒன்று அதற்குக் கீழே இறங்கினால், மற்றப் பகுதி புதிதாகத் தோன்றினாலும், டயரை மாற்றியே ஆக வேண்டும். தேய்ந்த பக்கத்தை மறைக்க டயரைத் திருப்பிப் போடுவது, சுழல்திசை அம்பு உள்ள டயரில் தவறு. காரணத்தைச் சரிசெய்யாமல் போடப்படும் புதிய டயரும் பழையதைப் போலவே அதே பக்கத்தில் தேயும்.